பொங்கியண்ணனுக்கு நாற்பது கிராம்

பொங்கியண்ணனின் முட்டை லாரி அறுபது கிலோமீட்டர் வேகம் வரைக்கும் சாது, அறுபத்தைந்தில் ஸ்டியரிங் லேசாக முனக ஆரம்பிக்கும், எழுபத்திரண்டைத் தொட்டதும் குளிர்காய்ச்சல் வந்தவன் கைபோல நடுநடுங்கும், எண்பதைத் தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும் என்று சொன்னார்கள், ஆனால் முட்டையை ஏற்றிக்கொண்டு எண்பதைத் தாண்டுகிற பைத்தியக்காரன் நாமக்கல் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பதால் அந்தக் கடைசிச் செய்தியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த நடுக்கத்தைத் தேடித்தான் எங்கள் பட்டறை வீதி ஆவணியில் தொடங்கி மாசி வரைக்கும் அலைந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற அந்த வீதியில் டயர் கடை, பிரேக் டிரம் கடைகிறவர், பாடி கட்டுகிறவர், சீட் தைக்கிறவர் என்று இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். லாரிக்கு அடியில் வளைந்து கிடக்கிற எஃகுப் பட்டைகளைக் கழற்றி மாட்டுகிற மாரப்பன் நான். பொங்கியண்ணன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வீதியைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

“ஏனுங், எழுவத்திரண்டுல மட்டும் ஆடுதுங்க. என்னன்னு பாருங்க.”

பார்த்தோம். டயர்க்காரர் டயர் என்றார், முன் டயரைப் பின்னால் போட்டு, பின் டயரை முன்னால் போட்டு, ஆட்டம் போகவில்லை. ரிம் வளைந்திருக்கும் என்று சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றவிட்டு, ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்தோம், வட்டம் பிசகாமல் விழுந்தது. டிரம்காரர் டிரம் என்று சொல்லி அதைக் கடைந்து கொடுத்தார். முன் அச்சுக்கு ஜாக்கி கொடுத்து, டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்பி, முன் சக்கரம் திரும்புகிற கிங்பின் ஆணியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாமலேயே புதுசு போட்டோம். நான் பட்டை என்று சொன்னேன். எங்கள் வீதியில் யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் கடையில் இருக்கிற சாமான்தான் அவரவர் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எல்லாம் மாற்றின பிறகும் ஆடினது. அதற்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது, அது சடையப்பன்.

சடையப்பன் அந்த லாரியில் மாற்று டிரைவராக ஒன்பது வருடம் ஓடியவர். போன சித்திரையில், மத்தியானம் மூன்று மணிக்கு, சாப்பாட்டு மயக்கத்தில் கண்ணசந்து, வண்டியை ரோட்டை விட்டு இறக்கி மரவள்ளிக் காட்டில் படுக்கப் போட்டுவிட்டார் என்று ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஓடிவந்த முதல் ஆளிடமே பொங்கியண்ணன் அதைத்தான் சொன்னார். உள்ளே இருந்த இரண்டு பேர் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லோடு முழுக்க உடைந்து, மஞ்சள் கருவாகப் பாத்தியில் ஓடி, மூன்று நாள் காக்கைகள் அந்தக் காட்டை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு சடையப்பனை நம்பி யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. அவர் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தார். சாய்ந்த வண்டி முதலில் என் பட்டறைக்குத்தான் வந்தது, பட்டைகளை மாற்றி, உள்ளே கிடந்த சாமான்களை ஒரு சாக்கில் போட்டுப் பொங்கியண்ணன் வீட்டில் கொடுத்தவனும் நான்தான்.

“சடையப்பன் கவுத்த வண்டி. எங்கீங்க நேராகும்?” என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். பொங்கியண்ணன் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தேழு வருடமாக லாரி. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, செருப்பைத் தன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் கழற்றுவான், பக்கத்தில் உட்காருகிறவன் போட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் சும்மா இருக்கிற நாளில் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது, மனைவி சம்பூரணத்தின் சமையல்கட்டில் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“இதே மாதிரி ஆடுச்சுன்னா இன்னொருக்கா சாஞ்சுருமுங்க மாரப்பா. சாஞ்சா அப்பறம் நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டன். எனக்கு வேற என்ன தெரியும் சொல்லுங்க?” என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். பட்டையில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில், சக்கரத்தை மெசினில் சுற்றவிட்டு எந்தப் பக்கம் எடை குறைகிறது என்று பார்த்து ஈயம் ஒட்டுகிற வீல் பேலன்சிங் கடை அர்த்தனாரிதான், மற்ற யாருக்கும் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தான். பொங்கியண்ணனை இடதுபக்கம் உட்காரவைத்துவிட்டு, வண்டியைத் தானே ஓட்டினான். எழுபத்திரண்டில் ஸ்டியரிங் அசையவில்லை. பொங்கியண்ணன் பிடித்தார், நடுங்கியது. அர்த்தனாரி பிடித்தான், அசையவில்லை. இப்படியே இரண்டு பேரும் இடம் மாறி மாறி சேலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். இறங்கினதும் அர்த்தனாரி, பஞ்சர் எங்கே என்று கண்டுபிடித்தவன் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான்.

“வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. அண்ணனுக்குத்தான் பேலன்ஸ் இல்லை. மெசின்ல ஏத்துங்க.”

ஏற்றினோம். சக்கரத்தை மாட்டுகிற தண்டில் ஒரு ஸ்டூலைப் பூட்டி, அவரை உட்காரவைத்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, மூடியை இறக்கிச் சுற்றவிட்டோம், அவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கிர்ரென்று சுற்றினார், தலை சுற்றவில்லை, வாந்தி வரவில்லை, வீட்டில் இருப்பதைவிட அங்கே காற்றோட்டமாக இருந்ததாகப் பிறகு சொன்னார். சிவப்பு எழுத்தில் விழுந்தது: இடதுபக்கம், நாற்பது கிராம். சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயக்கட்டியில் நாற்பது கிராம் எடுத்து, இடது தோளுக்குக் கீழே ஒட்டி, மறுபடி சுற்றவிட்டதும் பூஜ்யம் விழுந்தது. அன்று சாயங்காலம் அவர் வண்டியை எழுபத்திரண்டில் ஓட்டிக்கொண்டு எங்கள் வீதியைத் தாண்டிப் போனபோது, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் ஏழு டிரைவர்கள் வந்து நின்றார்கள். அதற்கு மறுநாள் கரும்பலகையில் எழுதினால் எழுத்து மேலேறிப் போகிறது என்று ஒரு வாத்தியார் வந்தார், பதினெட்டு கிராம். படி இறங்கும்போது மட்டும் கோபம் வருகிறது என்று ஒரு வக்கீல் வந்தார், முப்பத்தைந்து. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக ஏறினால் சரியாக வருகிறது, சேர்த்து ஏற்றிப் பாருங்கள் என்று கேட்டு, சேர்ந்தே சுற்றி, ஆளுக்கு இருபது வாங்கிக்கொண்டு போனார்கள். தையல்காரர்கள் சட்டையின் இடது தோளில் ஈயத்துக்கென்று ஒரு குட்டிப் பை வைத்துத் தைத்தார்கள், ரவிக்கைக்கும் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு மெசின் சீட்டையும் கேட்டார்கள், ஐம்பதுக்கு மேல் போனால் பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தை மாதத்துக்குள் ஊரே லேசாக இடதுபக்கம் சாய்ந்து நடந்தது, எல்லோரும் சேர்ந்து சாய்ந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை, வெளியூர்க்காரர்கள் மட்டும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு நிமிடம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான் ஏறவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பொங்கியண்ணனுக்கு அந்த நாற்பது ஒன்பது நாள்தான் நின்றது. பத்தாம் நாள் நடுக்கம் திரும்பி வந்தது. மறுபடி ஏற்றி, மேலே முப்பது ஒட்டினான் அர்த்தனாரி. அது ஆறு நாள். அப்புறம் ஐம்பது, நான்கு நாள். அவர் மேலே ஈயம் ஏற ஏற, நடுக்கம் சீக்கிரம் சீக்கிரம் வந்தது. மாசி பிறந்தபோது அவர் முந்நூறு கிராமைச் சுமந்துகொண்டிருந்தார், தூங்கும்போது இடதுபக்கமாகவே புரண்டு கட்டிலிலிருந்து விழுந்தார், வண்டி ரோட்டின் இடது ஓரத் தடுப்புக் கம்பியை ஒரு தடவை உரசிவிட்டு வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் எல்லோருக்கும் நிற்கிற ஈயம் இவருக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை என்று டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகக் குழம்பினோம். புரியாமல் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, டீ கூட நாலு அதிகமாகப் போகும்.

அந்தக் குழப்பம் போதாதென்று, ஒரு செவ்வாய்க்கிழமை சடையப்பன் அந்தப் பக்கம் டீ குடிக்க வந்தார். வம்புக்காகத்தான் அவரை மெசினில் ஏற்றினார்கள், வண்டியைக் கவிழ்த்தவனுக்கு எத்தனை விழும் என்று டயர்க்காரர் நூற்றைம்பதில் ஆரம்பித்தார், டிரம்காரர் இருநூறு என்றார். சுற்றிவிட்டதும் பூஜ்யம் விழுந்தது. அர்த்தனாரி எண் விழுகிற மெசின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி சுற்றினான், பூஜ்யம். மூன்றாம் தடவையும் பூஜ்யம்.

“மெசின் கெட்டுப்போச்சுங்க,” என்றார் டயர்க்காரர்.

“டீ ஆறுது, எறக்கி உடுங்க,” என்றார் சடையப்பன்.

அவர் போன பிறகு ஒரு லாரிச் சக்கரத்தை மாட்டிப் பார்த்தோம், மெசின் சரியாகத்தான் இருந்தது. நான் என் பட்டறைக்குப் போய், அன்றைக்கு அவசரமே இல்லாத ஒரு பட்டையைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தது சம்பூரணம். கட்டிலிலிருந்து மூன்றாம் முறை விழுந்த புருஷனைக் கையோடு அழைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு வீதியே பார்க்க அர்த்தனாரி கடையில் வந்து நின்று கேட்டார்.

“ஏனுங் தம்பி, டயருக்கு வெயிட் வெக்கறப்ப நீங்க மொதல்ல என்ன பண்ணுவீங்க?”

“பழைய வெயிட்ட எல்லாம் பிடுங்கிருவேனுங்க. மண்ணு, கல்லு மாட்டியிருந்தா எடுத்துட்டு, அப்பறந்தான்...”

சொல்லிக்கொண்டிருந்த அர்த்தனாரி பாதியில் நிறுத்தினான். சக்கரத்துக்கு அவன் அதைச் செய்யாத நாளே இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்தவன் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. மனிதர்களுக்கு மட்டும் ஒருத்தருக்குக்கூடப் பழசைப் பிடுங்காமல், மேலே மேலே ஒட்டி அனுப்பியிருக்கிறான், நாங்கள் இருபத்தொரு பேரும் சுற்றி நின்று பார்த்திருக்கிறோம், ஒருத்தன் வாயிலும் அது வரவில்லை.

“அப்ப எங்க வூட்டுக்காரருக்கு ஏன் பிடுங்கல?” என்றார் சம்பூரணம்.

பொங்கியண்ணனின் தோளிலிருந்து ஈயத்தையெல்லாம் உரித்துத் தட்டில் போட்டுவிட்டு மெசினில் ஏற்றினார்கள். பழையபடி இடதுபக்கம், நாற்பது என்று காட்டியது. அர்த்தனாரி தலையைச் சொறிந்தான்.

“இடதுபக்கம் நாப்பது வெக்கச் சொல்லுதுன்னா, வலதுபக்கம் நாப்பது கூட இருக்குதுன்னு அர்த்தமுங்க. வலதுபக்கம் என்னங்ணா வெச்சிருக்கறீங்க?”

சட்டைப் பையைப் பார்த்தார்கள், பீடிக்கட்டை எடுத்தார்கள், மோதிரத்தைக் கழற்றினார்கள், அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். நாற்பது அப்படியே நின்றது. வலதுபக்கம், லாரியில் ஸ்டியரிங் இருக்கிற பக்கம். ஸ்டூலில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த பொங்கியண்ணன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார் என்று எனக்குப் பட்டது.

“அன்னிக்கு வண்டிய ஓட்டுனது நானுங்க,” என்றார். “கண்ணசந்தது நான். சடையப்பன் பக்கத்துல முறுக்குத் தின்னுக்கிட்டு இருந்தான்.”

அர்த்தனாரி அனிச்சையாகப் பொத்தானை அழுத்திவிட்டான், அவர் சுற்றினார். இருபத்தைந்து விழுந்தது.

“இன்னும் இருக்குதுங்க,” என்றான்.

“இருக்கும்,” என்றார் பொங்கியண்ணன். “அவங்கிட்ட சொல்லலயே.”

பண்ணைக்கு அவரோடு நானும் போனேன், அவர்தான் கூப்பிட்டார், ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. சடையப்பன் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், உள்ளே ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. பொங்கியண்ணன் நின்றுகொண்டே சொன்னார், குஞ்சுகளின் சத்தத்துக்கு மேலாகச் சொல்ல வேண்டியிருந்ததால் கத்திச் சொன்னார்.

“சடையப்பா, அன்னிக்கு ஓட்டுனது நான்டா!”

“தெரியுமுங்க,” என்றார் சடையப்பன். “நானும் உள்ளதான இருந்தேன்.”

பொங்கியண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொரு வயது மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சடையப்பன் எழுந்து ஸ்டூலை அவருக்குக் கொடுத்தார். அழுகை நின்ற பிறகு பொங்கியண்ணன் கேட்டார், “நீ ஏன்டா யாருகிட்டயும் சொல்லாம இருந்த?”

“சொன்னனுங்ணா,” என்றார் சடையப்பன். “நம்ம வீதில ஒரு கடை விடாம ஏறிச் சொன்னேன். மொதலாளி பொய் சொல்வாரான்னாங்க. கடைசியா ஒருத்தர் கடைல சொல்லிட்டு, இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு இங்க வந்து உக்காந்துட்டேன்.”

கடைசியாகச் சொன்னது யார் கடையில் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

வீதியே பார்த்த விஷயம் ஊருக்குள் போகாமல் இருக்குமா, பழசைப் பிடுங்கின பிறகுதான் புதுசு ஒட்டுவேன் என்று அர்த்தனாரி போர்டு எழுதி வைத்த நாளிலிருந்து மெசினில் ஏற ஒரு மனிதன் வரவில்லை. வாத்தியார் வரவில்லை, வக்கீல் வரவில்லை, அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர்ப் பக்கமாக நடந்து போனார்கள். ஒட்டினதை ஒட்டினபடியே வைத்துக்கொண்டு ஊர் இடதுபக்கம் சாய்ந்து நடந்தது. மெசின் மறுபடியும் சக்கரங்களை மட்டும் சுற்றியது.

பங்குனி முதல் வாரம் லாரியைச் சோதனைக்கு எடுத்தோம். சடையப்பன் ஓட்டினார். பொங்கியண்ணன் இடதுபக்கம், நான் நடுவில். எழுபத்திரண்டில் ஸ்டியரிங் அசையவில்லை. ராசிபுரம் தாண்டி நிறுத்தி இடம் மாறினார்கள், பொங்கியண்ணன் செருப்பைக் கழற்றி, ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, அறுபது, அறுபத்தைந்து, எழுபது, எழுபத்திரண்டு. அசையவில்லை. எழுபத்தைந்து வரைக்கும் போய்ப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டு அவர் சிரித்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பும்போது டீக்கடையில் நிறுத்திவிட்டு, ஏறப் போன என்னை அவர் தடுத்தார்.

“மாரப்பா, நீங்க ஓட்டுங்க. பட்டை மாட்டுனவரு நீங்கதான, எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

பட்டை வேலை முடித்தால் நானும் சோதனை ஓட்டம் ஓட்டுகிறவன்தான், முடியாது என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் தள்ளக் குனிந்தபோது கை அங்கேயே நின்றது. அந்த இடம் எனக்குத் தெரியும். போன சித்திரையில், சாய்ந்து வந்த இதே வண்டியில், இதே டிரைவர் சீட்டுக்கு அடியில், முட்டை காய்ந்து ஒட்டிப்போன ஒரு ஜோடி செருப்பை நான் எடுத்தேன். பத்தாம் நம்பர் செருப்பு, இடது வாரில் பச்சைக் கயிறு போட்டுத் தைத்தது, பொங்கியண்ணனுடையது. ஸ்டியரிங் பிடிக்கிறவன்தான் கழற்றுவான். அதைக் கழுவி, பேப்பரில் சுற்றி, சாக்குக்கு அடியில் வைத்து அவர் வீட்டில் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அதற்கு நாலாம் நாள்தான் சடையப்பன் என் பட்டறைக்கு வந்து, “நீங்களாவது நம்புங்ணா” என்று கேட்டார். நான் பட்டையை அடித்துக்கொண்டே, “முதலாளி பொய் சொல்வாரா?” என்றேன்.

வண்டியை எடுத்தேன். அறுபது வரைக்கும் சாது. அறுபத்தைந்தில் முனகியது. பொங்கியண்ணன் இடதுபக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் சடையப்பன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டில் ஸ்டியரிங் என் இரண்டு கையிலும் நடுங்க ஆரம்பித்தது, கை, தோள், தாடை என்று ஏறி, பல் ஒன்றோடொன்று தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

“சடையப்பா,” என்றேன். “அந்தச் செருப்பு...”

அவர் முறுக்கை மடியில் வைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் ஓரத்தை ஒரு கையால் மெல்லப் பிடித்துக்கொண்டார்.

“வேகத்தக் கொறைங்ணா,” என்றார். “கொறைச்சுட்டு, முழுசாச் சொல்லுங்க.”